எதிர்ப்பு இல்லை

எங்கள் தெருக் கோக்கோய் என் கடை மேஜை விரிப்பைச் சுருட்டி வயிற்றில் கட்டிக்கொண்டு துணை மேயர் வேஷத்தில் உட்கார்ந்திருந்தான். சபையில் தட்டும் சுத்தியலுக்குப் பதிலாக அவன் கையில் என் குழம்புக் கரண்டி.

"யாரும்மா நீ? யார் வீட்டுப் பொண்ணு? இன்னைக்குப் பள்ளிக்கூடம் இல்லையா?" என்று மேஜையில் ஓங்கித் தட்டினான்.

"கரண்டி வளைஞ்சா உன் காதும் வளையும்டா" என்று அடுப்படியிலிருந்து கத்தினேன்.

எதிரே நின்ற ரோவெலின் சிரிக்கவில்லை. பதினேழு வயதுப் பெண். கல்யாண வீட்டுக்குப் போனால் மூலையில் நின்று பலகாரம் தின்றுவிட்டு யார் கண்ணிலும் படாமல் திரும்பி வருகிற ரகம். அவள் கையைக் கட்டாமல், தலையைக் குனியாமல் நின்று சொன்னாள்:

"மாண்புமிகு தலைவர் அவர்களே, என் பேர் ரோவெலின். ஊர் தலாஹிப் தீவு. படகுத்துறையை இடம் மாத்துற தீர்மானத்தைத் தீவுப் பிள்ளைங்க நாங்க எதிர்க்கிறோம்."

"எதிர்க்கிறியா? முளைச்சு மூணு இலை விடல, எதிர்க்குதாம்! உக்காரு!"

"எதிர்க்கிறோம்."

"உங்கப்பன் படகு லைசென்ஸை ரத்து பண்ணிடுவேன்!"

"எதிர்க்கிறோம்."

"உன் வாத்தியாரைத் தூக்கிக் காட்டுக்குள்ள மாத்திடுவேன்!"

"அதுக்கு எதிர்ப்பு இல்ல" என்றாள். கடை முழுக்கச் சிரிப்பு. மூலை மேஜையில் வறுத்த வாழைப்பழத்தைக் கடித்துக்கொண்டிருந்த அந்த வாத்தியார் வெண்டல் சாருக்குப் புரையேறிவிட்டது. தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

என் சாப்பாட்டுக் கடை படகுத்துறைக்கு நேர் எதிரே இருக்கிறது. தலாஹிப்பிலிருந்து காலையில் புறப்படும் படகுகள் என் கண்ணெதிரேதான் கரை சேரும். முப்பது நாற்பது பிள்ளைகள் முழங்கால் நனைய இறங்கி, என் கடை வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு, இரண்டு வாய் கஞ்சி குடித்துவிட்டுப் பள்ளிக்கு ஓடுவார்கள். தீவில் ஆறாம் வகுப்புக்கு மேல் கிடையாது. பக்கத்து மலை கடலுக்குள் நீட்டிக்கொண்டு தென்மேற்குக் காற்றை மறைத்து நிற்பதால், மழைக்காலத்திலும் எங்கள் குடாவில் தண்ணீர் தட்டில் ஊற்றி வைத்த மாதிரி கிடக்கும்.

மணிலாவிலிருந்து ஒரு கம்பெனி வந்து அந்தத் தண்ணீரைப் பார்த்துச் சொக்கிப் போனது. குடாவில் விடுதி கட்டப் போகிறார்களாம். குளிக்க வருகிற வெள்ளைக்காரர்களுக்கு எங்கள் படகுகளின் டீசல் நாற்றம் ஆகாதாம். ஆகையால் படகுகள் மலைக்கு அந்தப் பக்கம், திறந்த கடலோரத்துக்குப் போய்விட வேண்டும். வெயில் காலத்தில் அங்கே இறங்கலாம், தப்பில்லை. ஜூன் பிறந்து காற்று திரும்பிவிட்டால் அந்தப் பக்கம் படகை விடுவதும் பாறையில் கொண்டுபோய் மோதுவதும் ஒன்றுதான். எங்களுக்குப் பள்ளி திறப்பதும் ஜூனில்தான். ரோவெலினுக்கு இன்னும் ஒரு வருஷப் படிப்பு பாக்கி. அவள் தம்பி பாஞ்சோ அந்த ஜூனில்தான் ஏழாம் வகுப்பில் சேர இருந்தான். துறை போனால் இரண்டு பேர் படிப்பும் போகும்.

வெண்டல் சார் சமூக அறிவியல் வாத்தியார். முப்பது வயதுகூட ஆகவில்லை. சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா, இரண்டும் எழுதாது. "ஓட்டுப் போடற வயசு வந்தப்புறம்தான் குடிமக்கள் ஆவோம்னு நினைக்காதீங்க. இன்னைக்கே ஆயிட்டீங்க" என்று பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டே இருப்பார்.

"குடிமக்கள்னா சாப்பிட்ட தட்டைக் கழுவி வெச்சுட்டுப் போகணும், அதையும் சொல்லிக் குடுங்க சார்" என்பேன் நான். சொன்னால் கழுவவும் செய்வார்கள். நல்ல பிள்ளைகள்.

அவர்தான் சபை விதிகளைத் தோண்டித் துருவி அந்த ஒன்றைக் கண்டுபிடித்தார். துறையை மாற்றுவதற்கு முன்னால் ஊர்ச் சபை பொது விசாரணை வைக்க வேண்டும். பாதிக்கப்படுகிறவர்களில் ஏதாவது ஒரு தரப்பு அந்தச் சபையில் எழுந்து 'எதிர்க்கிறோம்' என்று சொல்லிவிட்டால், தீர்மானம் குழுவுக்குத் திரும்பிப் போக வேண்டும். கம்பெனிக்கும் நிலச் சொந்தக்காரர்களுக்கும் உள்ள ஒப்பந்தம் அந்த மார்ச் மாதத்தோடு முடிகிறது. குழு கூடிக் கலைவதற்குள் மார்ச் போய்விடும்.

"அவங்க வேற கடற்கரையைப் பாத்துக்குவாங்க" என்றார் சார். "ஒரே ஒரு வார்த்தை. ஆனா அதைச் சபையில சொல்லணும். ஒரு தரப்புக்கு ஒருத்தர்தான் பேசலாம். யார் பேசறீங்க?"

பேச்சுக்கென்றே பிறந்தவன் கோக்கோய். ஆனால் அவன் எங்கள் தெரு, தீவுக்காரன் இல்லை. தீவுப் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ரோவெலின்தான் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "நான் பேசறேன் சார்" என்றாள். அன்றைக்கு நான் அவளுக்கு ஒரு முட்டை அதிகமாக வைத்தேன்.

அப்புறம்தான் இந்த ஒத்திகை. "அவங்க கோபப்படுவாங்க, கத்துவாங்க, மிரட்டுவாங்க. அசையாம நில்லுங்க" என்பது சாரின் பாடம். கோக்கோய் கத்துவதற்குக் கூலி கேட்காமல் கத்தினான். முதல் நாள் அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. போகப் போக அவன் மேஜையைக் குத்தினாலும் இமைக்காத அளவுக்கு வந்துவிட்டாள். எனக்கே அவளைப் பார்த்தால் பெருமையாக இருந்தது. வீட்டில் என் புருஷன் கத்தும்போது அவளை மாதிரி நின்று பார்த்தேன், வேலை செய்தது.

விசாரணையன்று கடையைப் பூட்டிவிட்டு நானும் போனேன். 

துணை மேயர் அபெல்காஸ்தான் சபைத் தலைவர். அவரைக் கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கே கூசும். எங்கள் ஊரில் யார் வீட்டுக் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்றாலும் ஞானத்தகப்பனாக நிற்க அவரைத்தான் கூப்பிடுவார்கள், அவரும் வருவார். கிறிஸ்துமஸ் காலையில் அவர் வீட்டு வாசலில் நிற்கும் ஞானப்பிள்ளைகளின் வரிசை கோயில் வரைக்கும் போகும். என் மூத்தவனுக்கு அவர்தான் நினோங். ரோவெலினுக்கும் அவர்தான். ஞானத்தகப்பனை நாங்கள் நினோங் என்று கூப்பிடுவோம். இந்த ஊரில் பாதி வாய் அவரை அப்படித்தான் கூப்பிடும்.

அவர் உள்ளே நுழைந்ததும் பிள்ளைகள் எழுந்து, ஒவ்வொருவராகப் போய் அவர் கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டார்கள்; பெரியவர்களிடம் நாங்கள் ஆசி வாங்குவது அப்படித்தான். ரோவெலினும் வைத்துக்கொண்டாள். அதில் தப்பு சொல்ல மாட்டேன். வைக்காமல் நின்றிருந்தால் நானே அவள் தலையில் குட்டியிருப்பேன்.

ஜெபம் ஆயிற்று, தேசிய கீதம் ஆயிற்று. படகுக்காரர் சங்கத்துக்காரர் எழுந்து, "சபை பாத்துச் செஞ்சா சரிதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவருக்குப் புது இன்ஜின் வருகிறது என்று ஊரே பேசிக்கொண்டது. மீனவர் தரப்பில் யாரும் வரவில்லை. 

"இளைஞர் தரப்பு" என்று செயலாளர் கூப்பிட்டார்.

ரோவெலின் மைக் முன்னால் போய் நின்றாள். கையைக் கட்டவில்லை, தலையைக் குனியவில்லை.

"மாண்புமிகு தலைவர் அவர்களே, என் பேர்..."

"என்னம்மா மாண்புமிகு?" என்று அபெல்காஸ் சிரித்தார். "உன்னை ஞானஸ்நானத் தொட்டியில தூக்கிப் பிடிச்சவன் நான். புதுச் சட்டையோட வந்தவனை நனைச்சு அனுப்பினியே, மறந்துட்டியா? நினோங்னு கூப்பிடு மகளே."

சபை சிரித்தது. நானும் சிரித்தேன். ரோவெலினும் சிரித்துவிட்டாள்.

"நினோங்" என்றாள்.

அவ்வளவுதான். வாரக்கணக்கில் என் கடையில் நின்று பழகிய பெண் எங்கே போனாளோ தெரியவில்லை. மைக் முன்னால் நின்றது கிறிஸ்துமஸ் வரிசையில் நிற்கிற குழந்தை.

"அப்பா எப்படி இருக்கார்? முதுகு வலின்னாரே."

"இப்போ பரவால்ல, நினோங்."

"நல்லாப் படிக்கிறியா?"

"ஓபோ."

"எத்தனை ஊர்ல பிள்ளைங்க சபைக்கு வந்து பேசறாங்க? எனக்கு எவ்ளோ பெருமையா இருக்கு தெரியுமா? சொல்லும்மா, மனசுல என்ன இருக்கு?"

அவள் மூச்சை இழுத்தாள். "நினோங், துறை... மழைக்காலத்துல அந்தப் பக்கம் அலை ரொம்ப... படகு வந்து..."

"தெரியும்மா. எனக்குத் தெரியாதா? என் பிள்ளைங்களைக் கடல்ல விட்டுட்டு நான் வீட்ல தூங்குவேனா? அங்க சிமெண்ட்ல துறை கட்டித் தர்றோம். சுவத்துல படம் ஒட்டியிருக்கு, பாத்தியா?"

"ஓபோ."

"கூரை போட்டிருக்கு, பெஞ்சு போட்டிருக்கு. மழையில நனையாம நிக்கலாம்ல?"

"ஓபோ."

"எல்லாம் உங்களுக்காகத்தானே பண்றோம். புரியுதா?"

"ஓபோ."

"அப்போ எதிர்ப்பு ஒண்ணும் இல்லையே மகளே?"

"ஓபோ."

வெளியூர்க்காரர்களுக்கு ஓபோ என்றால் 'ஆமாம்' என்று புத்தகம் சொல்லிக் கொடுக்கும். எங்கள் வீடுகளில் அது 'கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லுங்கள்' என்பதும்தான். பெரியவர் பேசும்போது மூச்சுக்கு ஒரு தரம் ஓபோ சொல்லாத பிள்ளையை வளர்ப்பு சரியில்லை என்போம். பேச்சு வருவதற்கு முன்பே அதைச் சொல்லிக் கொடுத்துவிடுகிறோம். அந்தப் பெண் ஒவ்வொரு தரமும் சொன்னது 'கேட்டுக்கொண்டிருக்கிறேன் நினோங், நீங்கள் முடித்ததும் நான் சொல்கிறேன்' என்பதுதான். பெரியவர் முடிப்பார், தன் முறை வரும் என்று காத்துக்கொண்டிருந்தாள்.

அவர் முடித்துவிட்டார். சுத்தியலை எடுத்தார்.

வெண்டல் சார் நாற்காலி விழ எழுந்தார். "தலைவர் அவர்களே, அந்தப் பொண்ணு இன்னும் அவங்க கருத்தைச் சொல்லவே..."

"உக்காருங்க சார்." குரலில் கோபமே இல்லை. "பிள்ளைங்க குரலைச் சபை கேக்கணும்னு நீங்கதானே கேட்டீங்க? கேட்டோம். பின்னால நின்னு எடுத்துக் குடுக்காதீங்க. அவங்களுக்குச் சுயமாப் பேசத் தெரியும். இல்லையா மகளே?"

ரோவெலின் வாத்தியாரைப் பார்த்தாள், நினோங்கைப் பார்த்தாள். உதடு பிரிந்தது. என்ன சொல்ல வந்தாளோ, அதற்குள் செயலாளர் வாசித்துவிட்டார்:

"இளைஞர் தரப்பு கலந்தாலோசிக்கப்பட்டது. எதிர்ப்பு இல்லை."

சுத்தியல் விழுந்தது. சபை கை தட்டியது, அவளுக்காக. ஒரு உறுப்பினர் அம்மாள் எழுந்து வந்து அவள் கன்னத்தைக் கிள்ளினாள். எல்லோருக்கும் நூடுல்ஸும் குளிர்பானமும் வந்தன. பசித்த பிள்ளைகள் சாப்பிட்டார்கள், என்ன செய்வார்கள்.

வெளியே படிக்கட்டில் ரோவெலின் கோக்கோயின் கையைப் பிடித்து, "நான் என்னடா சொன்னேன்?" என்று கேட்டாள்.

"ஓபோ, ஓபோ, ஓபோ!" என்று அவன் வெடித்தான். "கோழி தவிடு கொத்தற மாதிரி கொத்தினே! நான் தொண்டை கிழியக் கத்தினதெல்லாம் எதுக்கு? அவர் கத்தவே இல்லையேடி!" சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்த்ததும் அவனுக்கே பொறுக்கவில்லை. தன் குளிர்பானத்தை அவள் கையில் திணித்துவிட்டு ஓடிவிட்டான்.

வெண்டல் சார் படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. "கோபத்துக்குத்தான் பழக்கினேன் அக்கா" என்றார் என்னிடம். "பாசமா வருவார்னு எனக்குத் தோணவே இல்ல." அவர் வேறு மாகாணத்துக்காரர். அவர் ஊரில் ஓபோ என்ற சொல்லே கிடையாது. வந்த இடத்துப் பிள்ளைகளின் மரியாதை அவருக்குப் பிடித்துப்போயிருந்தது, அவ்வளவுதான். அது எப்போது குறுக்கே நிற்கும் என்று யோசிக்க அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்திருக்கலாம். எனக்கும் தோன்றவில்லை.

தீர்மானத்தின் மேல் ஓட்டெடுப்பு திங்கட்கிழமை. சனிக்கிழமை காலை முதல் படகில் ரோவெலின் தனியாக வந்து இறங்கினாள்.

"அத்தை, நினோங் வீட்டுக்குப் போகணும். துணைக்கு வர்றீங்களா?"

"எதுக்குடி?"

"நான் சொன்னது அது இல்லன்னு சொல்ல."

அபெல்காஸ் பனியனோடு வாசலில் ஆர்க்கிட் செடிகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். எங்களை உட்கார வைத்தார். தேங்காய் தூவிய அரிசிக் கேக்கும் காபியும் வரவழைத்தார். ரோவெலின் கேக்கைத் தொடவில்லை. நேராக அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"நினோங், நான் எதிர்க்கிறேன். தீவுப் பிள்ளைங்க எல்லாரும் எதிர்க்கிறோம். அந்தப் பக்கம் படகு நிக்காது. என் தம்பியால பள்ளிக்கூடம் வர முடியாது."

சொல்லிவிட்டாள். குரல் உடைந்தாலும் முழுதாகச் சொல்லிவிட்டாள். எனக்கு எழுந்து அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

அவர் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். "தெரியும்மா" என்றார். "அன்னைக்கே உன் முகத்துல இருந்துது."

"அப்போ ஏன் நினோங்..."

"கேட்டேனே. நீ இல்லன்னு சொல்லலையே. இப்போ வீட்டுக்கு வந்து சொல்றே. இது என் ஞானப்பிள்ளை எங்கிட்டச் சொல்றது. சபையில சொல்லியிருந்தா, அது தீவு சொல்றது. குழுவுக்கு அனுப்பியிருப்பேன். அனுப்பித்தான் ஆகணும், விதி அது. கம்பெனிக்காரன்கிட்ட 'என்ன பண்றது, பிள்ளைங்க ஒத்துக்கல'ன்னு கையை விரிச்சிருப்பேன். எனக்கு அதுல ஒண்ணும் குறைஞ்சு போயிருக்காது. இப்போ எழுதி முடிச்சாச்சு."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "நீங்க கேட்ட விதம் அப்படி" என்றேன். "தொட்டியில தூக்கிப் பிடிச்ச கதையெல்லாம் சபையில எதுக்குங்க? சின்னப் பொண்ணு, அவ என்ன பண்ணுவா?"

"லூரிங், நீயும் அங்கதானே உக்காந்திருந்தே?" என்றார் அவர். "நீ எழுந்து சொல்லியிருக்கலாமே."

அன்றைக்குச் சபையில் நான் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த மனுஷர் மனசறிந்துதான் செய்தாரா, பழக்கத்தில் வந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் பாரத்தை இறக்கி வைக்க வந்த பிள்ளையின் தலையில் அதைவிடப் பெரிய மூட்டையை ஏற்றி அனுப்பினார். அதற்கு அவரை நான் மன்னிக்கவில்லை. புறப்படும்போது அவள் அப்பாவுக்கென்று ஒரு பை மாம்பழம் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள். அவர் கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

வழியெல்லாம் அழவில்லை. கடையில் வெண்டல் சார் எங்களுக்காகக் காத்திருந்தார். அவரைப் பார்த்ததும் பையைத் தரையில் போட்டுவிட்டு உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். மாம்பழங்கள் மேஜைகளுக்கு அடியில் உருண்டன. அப்படியொரு அழுகையை நான் சாவு வீட்டில்கூடக் கேட்டதில்லை.

"நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நின்னிருக்குமாம் சார். அவரே சொல்றார். நான்தான் எல்லாத்தையும் கெடுத்தேன். பாஞ்சோ படிப்பை நான்தான்... சார், நிஜமா? நான் சொல்லியிருந்தா நின்னிருக்குமா?"

வெண்டல் சார் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவருக்குத் தெரியும், நின்றிருக்கும். அந்த விதியைக் கண்டுபிடித்தவரே அவர்தான். ஒரே ஒரு வார்த்தை, அதற்கு அவ்வளவு எடை என்று இதே மேஜையில் உட்கார்ந்து சொன்னவர். ஆமாம் என்று சொன்னால் இந்தக் குழந்தை அந்த எடையை ஆயுசு முழுக்கச் சுமக்கும்.

அவர் தரையில் அவள் எதிரே குந்தி உட்கார்ந்தார்.

"இல்லம்மா" என்றார். "அவர் சும்மா சொல்றார். எல்லாம் முன்னாடியே பேசி முடிச்சுட்டாங்க. விசாரணையெல்லாம் கண்துடைப்பு. நீ என்ன சொல்லியிருந்தாலும் நடக்கிறதுதான் நடந்திருக்கும்."

"நிஜமாவா?"

"நிஜமா. உன் பேர்ல ஒரு தப்பும் இல்ல. யார் சொல்லியிருந்தாலும் ஒண்ணும் மாறியிருக்காது."

அவள் அழுகை மெல்ல அடங்கியது. மூக்கைத் துடைத்துக்கொண்டு, குனிந்து மாம்பழங்களைப் பொறுக்கினாள். முகம் தெளிந்துவிட்டது. அவளுக்குச் சுமை இறங்கியதில் எனக்கும் ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் சார் எழுந்து வெளியே போய்க் கடலைப் பார்த்து நின்றபோது, அவர் ஒரு வருஷமாகக் கட்டியதை ஒரே மூச்சில் இடித்துவிட்டு வந்தவர் போல இருந்தார். நான் அவரைத் திட்டவில்லை. அந்த இடத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

திங்கட்கிழமை தீர்மானம் நிறைவேறியது. ஈஸ்டர் முடிந்ததும் குடாவில் வேலி வந்தது. மலைக்கு அந்தப் பக்கம் சிமெண்ட் துறையும் கட்டினார்கள். சொன்னபடி கூரை இருக்கிறது, பெஞ்சு இருக்கிறது. ஜூனில் காற்று திரும்பியதும் அந்தக் கூரைக்குக் கீழே ஆடுகள் நிற்கின்றன. பாஞ்சோ பள்ளியில் சேரவேயில்லை. அப்பாவோடு வலை இழுக்கப் போகிறான். தீவுப் பிள்ளைகளில் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். மீதிப் பேர் ஊருக்குள் யார் யார் வீட்டிலோ வேலை செய்துகொண்டு, தங்கிப் படிக்கிறார்கள். ரோவெலினை நான் என் கடை மாடியில் வைத்துக்கொண்டேன். கடை வேலையில் கெட்டி, படிப்பிலும் முதல் வரிசை. வாடிக்கைக்காரர்களிடம் சிரித்துப் பேசக்கூடக் கற்றுக்கொண்டாள். அவளைப் பார்க்கிறவர்கள் எந்தக் குறையும் சொல்ல மாட்டார்கள்.

அடுத்த மார்ச்சில் கம்பெனி மறுபடி சபைக்கு வந்தது. இந்தத் தடவை தீவுக்கும் குடாவுக்கும் நடுவிலுள்ள பவளப் பாறையைச் சுற்றி மிதவை கட்டி, அதற்குள் யாரும் மீன் பிடிக்கக் கூடாது என்று கேட்டது. ரோவெலினின் அப்பா வலை போடுவதே அங்கேதான். பொது விசாரணைக்கு நாள் குறித்தார்கள்.

அன்று மத்தியானம் வெண்டல் சார் சாப்பிட வந்தார். புதிதாக ஏழெட்டுப் பிள்ளைகளைச் சேர்த்திருந்தார். இந்தத் தடவை ஒத்திகையில் அன்பாகப் பேசவும் ஒருவரை வைக்கப் போவதாக என்னிடம் சொன்னார். ரோவெலின் சோறும் குழம்பும் கொண்டுவந்து வைத்தாள்.

"ரோவெலின்" என்றார். "தீவு சார்பா நீ பேசணும். உனக்குத்தான் எல்லாம் தெரியும். போன தடவை என்ன நடந்துதுன்னு உன்னைவிட யாருக்குத் தெரியும்?"

"எதுக்கு சார்?" என்றாள். கோபமில்லை, வருத்தமில்லை. சொல்லிக் கொடுத்த பாடத்தை நல்ல மாணவி ஒப்பிப்பது மாதிரி மரியாதையாகச் சொன்னாள்: "யார் என்ன சொன்னாலும் நடக்கிறதுதான் நடக்கும், விசாரணையெல்லாம் கண்துடைப்புன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

வெண்டல் சாரின் கரண்டி நின்றுவிட்டது. 'அன்றைக்கு உனக்குப் பொய் சொன்னேன்' என்று சொல்ல அவர் வாய் திறந்ததை நான் பார்த்தேன். அதைச் சொன்னால், உன் ஒரு வார்த்தையில்தான் துறை போனது, உன் தம்பி படிப்பு போனது என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டார்.

"இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்தட்டுமா சார்?" என்று கேட்டாள் ரோவெலின்.